அப்பாவுக்கு நான் அப்பாவான காலை

என் தொழில் என்னவென்று யாராவது கேட்டால் அம்மா, "மோன் கொம்பியூட்டருக்கு உள்ளுக்கை ஏதோ செய்யிறான்" என்பார். பல வருடங்களாக அதைத் திருத்தப் பார்த்துக் கைவிட்டுவிட்டேன். அதைவிடத் தெளிவான விளக்கம் என்னிடமும் இல்லை. டேட்டாபேஸ் ஒன்றைப் பராமரிப்பது என் வேலை. அது படுத்துவிட்டால் எழுப்புவேன், மெதுவாக நடந்தால் விரட்டுவேன், விழுந்தால் தூக்கிவிடுவேன். பெரும்பாலும் அதை விழுத்துகிறவனும் நான்தான் என்பது அம்மாவுக்குத் தெரியாது.

நான் இருப்பது யாழ்ப்பாணப் பட்டினத்தில், ஐஸ்கிரீமும் சர்பத்தும் விற்கிற ஒரு கூல்பாருக்குப் பக்கத்தில், கல்வெட்டு தயாரிக்கும் சின்ன அலுவலகத்தில். கல்வெட்டு என்றதும் அரசர் காலத்துக்குப் போய்விட வேண்டாம். எங்கள் பக்கத்தில் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி முடித்து வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, வந்தவர்கள் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். அதற்கும் கல்வெட்டு என்றுதான் பெயர். முகப்பில் இறந்தவரின் படம், உள்ளே தேவார திருவாசகம், பிறகு அவருடைய வாழ்க்கை, கடைசியில் வம்சாவழி. தேவாரத்தைச் சனம் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கும். வம்சாவழியைப் பந்தியில் இருந்தே படித்துவிடும். தன் பெயர் நிற்கிறதா, பிள்ளைகள் எல்லோரும் நிற்கிறார்களா, மருமகனின் பட்டம் விடுபட்டதா என்று ஒரு கையால் சோறு பிசைந்துகொண்டே மற்றக் கையால் பக்கம் புரட்டுகிற வித்தை எங்கள் சனத்துக்கு மட்டும் உண்டு.

அந்த வம்சாவழிகளெல்லாம் எங்கள் டேட்டாபேஸில் இருக்கின்றன. ஓர் அட்டவணையில் ஆட்கள். இன்னோர் அட்டவணையில் யார் யாருடைய பிள்ளை என்பது. மூன்றாவதில் யார் யாரைக் கட்டினார் என்பது. ஒரு ஊரில் பத்துக் கல்வெட்டு அடித்தால் பதினோராவது வீட்டுக்காரரில் பாதிப்பேர் ஏற்கெனவே உள்ளே இருப்பார்கள். எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒருவகையில் மச்சான் என்பதால் இது பெரிய வசதி.

வசதிக்கு ஒரு குறை இருந்தது. ஆட்கள் கூடக்கூட அது நகரவில்லை. தட்டச்சுச் செய்கிற அக்கா ஒரு பெயரைத் தேடக் கொடுத்துவிட்டு எழும்பிப் போய், தண்ணீர் கொதிக்க வைத்து, தேத்தண்ணி ஊற்றி, குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து இருப்பார். அப்போதும் திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

முதலாளி அண்ணை ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார். "தம்பி, செத்த மனுசனே எழும்பி வந்து தன்ரை பேரைச் சொல்லிப்போட்டுப் போயிடும் போலை கிடக்கு."

ரோசம் வந்து இரண்டு நாள் குந்தியிருந்து பார்த்தேன். காரணம் வெட்கப்படத்தக்க அளவுக்குச் சின்னது. யார் யாருடைய பிள்ளை என்ற அட்டவணைக்கு இன்டெக்ஸே போடவில்லை. சந்நிதி முருகன் கோயில் தேருக்கு வந்த சனத்துக்குள் மச்சானைத் தேடுகிறீர்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போகலாம். அல்லது ஒலிபெருக்கிக் கொட்டிலுக்குப் போய் அறிவிக்கச் சொல்லலாம். எங்கள் டேட்டாபேஸ் ஒவ்வொரு முறையும் தேர்முட்டியிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் எல்லா முகத்தையும் பார்த்துவிட்டு வந்தது. அதைக் கட்டியவன் ஒலிபெருக்கிக் கொட்டில் போட மறந்திருந்தான். கட்டியவன் யார் என்று அண்ணை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்டெக்ஸ் போட்ட அன்று அக்கா ஒரு பெயரைக் கொடுத்துவிட்டுப் பழக்கத்தில் எழும்பினார். கதிரையை விட்டு முழுதாக நிமிர்வதற்கு முன்பே தேடிய ஆள் வந்துவிட்டது. "உதென்ன, உடனை வந்திட்டுது," என்று சந்தேகமாகப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். தேத்தண்ணி குடிக்க இனி வேறு காரணம் தேட வேண்டுமே என்ற கவலை முகத்தில் தெரிந்தது. அண்ணை எல்லோருக்கும் சாப்பிடச் சுடச்சுட ரோல்ஸ் வாங்கித் தந்தார். எனக்கு இரண்டு.

அந்த இரண்டாவது ரோல்ஸ்தான் என்னைக் கெடுத்தது.

அந்தக் கிழமை எங்கள் கையில் இருந்தது உடுப்பிட்டிப் பெரியவர் ஒருவரின் கல்வெட்டு. தோட்டக்காரர். அவருடைய மூத்த மகள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், ஆகவே எங்களுக்கு ரீச்சர். முதல் நாள் வந்தபோதே ரீச்சர் விசயத்தைச் சொல்லிவிட்டார். பெரியவருக்கு ஒரேயொரு தங்கை, தொண்டைமானாற்றில் இருக்கிறார். ரீச்சருக்கு மாமி. பதினொரு வருடங்களுக்கு முன் பெரியவரின் தாய்க்கு அடித்த கல்வெட்டில் மாமியின் பெயர் இருந்தது, அதற்குக் கீழே பிள்ளைகள் ஒருவரும் இல்லை. அடித்தவர்கள் வேறு ஆட்கள், அந்தப் பாவத்தில் எங்களுக்குப் பங்கில்லை. கேட்டதற்கு, கடைசிப் பக்கத்தில் இடம் காணவில்லை, போதவில்லை என்றார்களாம்.

"எனக்கு இடம் காணாத வீட்டுக்கு நான் ஏன் வந்து இடைஞ்சல் குடுப்பான்" என்று சொல்லிவிட்டு மாமி போனவர்தான். பதினொரு வருடம் அண்ணன் வீட்டுப் படலை திறக்கவில்லை. செத்தவீட்டுக்கு வந்தார், முகத்தைப் பார்த்தார், ஒருவரோடும் கதையாமல் போய்விட்டார். அந்தியேட்டிக்கு வரச்சொல்லி ரீச்சர் தொண்டைமானாற்றுக்கே போய்க் கேட்டபோது ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். "கல்வெட்டை முதல் எனக்குக் காட்டு. என்ரை பிள்ளையள் அதிலை நிண்டால் வாறன்."

ரீச்சர் எங்கள் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார். "தம்பி, இந்தப் புத்தகத்திலை வேறை எது பிழைச்சாலும் சமாளிப்பன். அப்பான்ரை படத்தைத் தலைகீழா அடிச்சாலும் ஏதும் சொல்லிச் சமாளிப்பன். மாமியின்ரை பக்கம் மட்டும் பிழைக்கக்கூடாது."

மாமியின் பக்கத்து விபரம் செவ்வாய்க்கிழமை ரெலிபோனில் வந்தது. "ஒருக்காத்தான் சொல்லுவன், வடிவாக் கேட்டு எழுது பிள்ளை" என்று தொடங்கி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் என்று இருபத்தேழு பேரைச் சொன்னார். அக்கா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நேராகவே தட்டி ஏற்றினார். அரை மணித்தியாலத்துக்குப் பிறகும் கழுத்து நிமிரவில்லை.

சனிக்கிழமை அந்தியேட்டி. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ரீச்சர் வந்து கடைசியாக ஒருமுறை பார்ப்பதாக ஏற்பாடு. பார்த்துவிட்டு ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸில் தொண்டைமானாற்றுக்குப் போவார். மாமி சரி என்றால் மூன்று மணிக்கு அச்சகம்.

நான் எட்டரைக்கே வந்துவிட்டேன். செய்வதற்கு ஒன்றும் இல்லை. எல்லாம் பறந்துகொண்டிருந்தது. முதல்நாள் ரோல்ஸின் பெருமை இன்னும் வயிற்றில் இருந்தது. குளிப்பாட்டிய பிள்ளைக்குப் பவுடரும் பூசிவிடுவோம் என்று தோன்றியது. ஆட்கள் அட்டவணையில் ஒரே பெயரில், ஒரே ஊரில் இரண்டிரண்டு பேர் நிறைய இருந்தார்கள். வெவ்வேறு கல்வெட்டுக்காக ஒரே ஆளை இரண்டு முறை ஏற்றியிருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன். சட்டம் ஒன்று வகுத்தேன்: முழுப்பெயரும் ஊரும் ஒன்றாக இருந்து, பிறந்த வருடம் ஒருவருக்கு மட்டும் பதிந்திருந்தால், இருவரும் ஒரே ஆள். ஒருவரை மற்றவருக்குள் சேர்த்துவிட்டு மிச்சத்தை அழித்துவிடு. கட்டளையை எழுதி ஓட்டினேன். முந்நூற்றுச் சொச்சம் சோடிகள் ஒரு நிமிடத்தில் ஒன்றாகின. கலியாணத் தரகர்கூட ஒரு நாளில் இவ்வளவு செய்யமாட்டார்.

இனி நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். இதை உலகத்தில் வேறு எவனும் விட்டிருக்கலாம், யாழ்ப்பாணத்தான் ஒருவன் விட்டிருக்கக்கூடாது.

எங்கள் பழைய வழக்கம் பேரப்பிள்ளைக்கு அப்பப்பாவின் பெயரை வைப்பது. முழுப்பெயர் எழுதும்போது தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். யாருடைய பெயரும் வேண்டாம், ஒருவரைப் புட்டர் என்றும் மற்றவரை இடியப்பர் என்றும் வைத்துக்கொள்வோம். இடியப்பரின் மகன் புட்டர். அவருக்குப் பிறந்தவருக்கு அப்பப்பாவின் பெயரை வைக்க, அவர் இடியப்பர். அவருடைய மகன் மறுபடி புட்டர். முதல் புட்டரின் முழுப்பெயர் இடியப்பர் புட்டர். அவருடைய பேரனின் முழுப்பெயரும் இடியப்பர் புட்டர். ஒரே ஊர், ஒரே வளவு. இரண்டே இரண்டு பெயரை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் இருநூறு வருடம் சிக்கனமாக ஓட்டிவிடும். பழைய புட்டர் எப்போது பிறந்தார் என்று யாருக்கும் தெரியாது, வருடம் காலி. புதிய புட்டருக்கு வருடம் உண்டு. என் சட்டம் இருவரையும் பிடித்து ஒரே ஆளாக்கியது. அதாவது, அப்பப்பாவையும் பேரனையும்.

என் சொந்தக் குடும்பத்தை வைத்துச் சோதித்துப் பார்த்தபோதுதான் இது தெரியவந்தது. நானும் அப்பப்பாவின் பெயர்க்காரன். என் பெயரைத் தட்டினேன். முன்னால் "அமரர்" என்று வந்தது. சரி, ஏதோ தட்டுத் தவறு என்று கீழே பார்த்தேன். பிள்ளைகள் வரிசையில் என் மகள், அவளுக்கு மேலே என் அப்பா. அப்பாவைத் தட்டினேன். அவருடைய தகப்பன் நான். அவருடைய மகனும் நான். உடுப்பிட்டி வீட்டில் அந்த நேரம் பேப்பர் பார்த்துக்கொண்டு இருக்கிற மனிதரை நான் பெற்றிருந்தேன், அவரும் என்னைப் பெற்றிருந்தார், அதற்கு இடையில் எப்போதோ நான் காலமாகியும் இருந்தேன்.

சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கவில்லை. ரீச்சரின் அப்பா நினைவுக்கு வந்தார். அவருடைய கல்வெட்டில் வம்சாவழி தொடங்குவதே அவருடைய அப்பப்பாவிலிருந்து. இருவருக்கும் ஒரே பெயர்.

என் திரையில் பெரியவரின் வம்சாவழியை எடுக்கும் கட்டளையைக் கொடுத்தேன். டேட்டாபேஸ் பெரியவரில் தொடங்கி அவருடைய மகனுக்குப் போனது. மகன் யாரென்றால் பெரியவரின் தகப்பன். அவருடைய பிள்ளை யாரென்றால் பெரியவர். அவருடைய மகன், அவருடைய மகன், என்று செக்குமாடு போல அது சுற்றத் தொடங்கியது. பெட்டிக்குள் விசிறி இரைந்தது. நிறுத்தினேன். திரும்பவும் ஓட்டினேன். திரும்பவும் சுற்றியது. மாமி அந்தச் சுற்றுக்குள், அண்ணனுக்குத் தங்கையாகவும் பேத்தியாகவும், ஒரு வட்டத்துக்கு ஒருமுறை வந்துபோய்க்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, உம்மடை பெட்டி ஹெலிகொப்டர் மாதிரிக் கத்துது?" என்றார் அக்கா, தன் மேசையிலிருந்து.

"ஒண்டுமில்லை அக்கா. உங்கடை பக்கம் என்ன மாதிரி?"

"எனக்கு வடிவா நிக்குது. ரீச்சரின்ரை அப்பா, அப்பப்பா, மாமி, மாமியின்ரை ஆக்கள், எல்லாரும் நிக்கினம். ஒரு எழுத்துத்தான் திருத்தினன், சேமிக்க விட்டால் சுத்திக்கொண்டே நிக்குது."

இந்த இடத்தில் கொஞ்சம் மூளை உள்ளவன் நின்று யோசித்திருப்பான். ஒரே டேட்டாபேஸ், எனக்குக் குழம்பியிருக்கிறது, அவருக்கு எப்படிச் சரியாக இருக்கிறது? நான் யோசிக்கவில்லை. "அது முந்தித் திறந்த பக்கம் அக்கா, திரையிலை சும்மா கிடக்குது. மூடுங்கோ, இனித் தொடாதேங்கோ" என்று வைத்தியர் மாதிரிச் சொன்னேன்.

"திரும்பத் திறந்து பாக்கட்டோ?"

"வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு இருங்கோ."

அக்கா கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

பாதுகாப்புப் பிரதி இருந்தது. அதில் நான் ஒழுங்கானவன், கிழமைக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை. ஆனால் மாமியின் இருபத்தேழு பேரும் செவ்வாய்க்கிழமை வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பிரதியைத் திருப்பி ஏற்றினால் பெரியவர் பெரியவராகிவிடுவார், மாமிக்குக் கீழே ஒருவரும் இருக்கமாட்டார்கள். இரண்டாவது கல்வெட்டிலும் அவருக்கு இடம் காணாமல் போகும்.

"அக்கா, மாமி சொன்னதைக் கொப்பியிலை ஏதும் எழுதி வைச்சனீங்களோ?"

"எப்பிடி எழுதிறது? கடதாசி இனி இந்த ஒப்பீசுக்குள்ளை வரப்படாது எண்டு நீர்தானே சட்டம் போட்டனீர்."

ஓம். அதுவும் நான்தான்.

பத்துக்குச் சரியாக ரீச்சர் வந்தார். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கையில் மாமிக்குக் கொண்டுபோகிறதற்கு ஒரு சீப்புக் கதலிப்பழம். "முடிஞ்சுதோ தம்பி?" என்று கேட்டுக்கொண்டே கதிரையில் உட்கார்ந்தார். "ஒரு சின்னத் திருத்தம் ரீச்சர், அஞ்சு நிமிசம்" என்றேன். அக்கா தேத்தண்ணி கொடுத்தார். கடைசியில் அவருக்கும் தேத்தண்ணி ஊற்ற ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

நான் ஒரு திட்டம் போட்டேன். இப்போது இருக்கிற நிலையை அப்படியே வைத்துக்கொண்டு, யாரை யாருக்குள் சேர்த்தேன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரித்து எடுக்கவேண்டும். பெரியவர் குடும்பத்தை மட்டுமாவது மத்தியானத்துக்குள் பிரித்துவிடலாம். ஒரேயொரு பயம், இடையில் கரண்ட் நிற்கக்கூடாது. வயர் திருத்த வேலை, பத்தரையிலிருந்து மின்தடை என்று அந்தப் பகுதிக்கு ஏற்கெனவே அறிவித்திருந்தார்கள். எங்கள் யூபிஎஸ்ஸின் பற்றரி, அதுவும் கல்வெட்டு அடிக்கவேண்டிய வயது. ஐந்து நிமிடம் தாங்கினால் பெரிய காரியம்.

எழும்பிப் பக்கத்துக் கூல்பாருக்கு ஓடினேன். அங்கே ஜெனரேட்டர் இருக்கிறது. கூல்பார் முதலாளி காலைக் கூட்டத்துக்குச் சர்பத் கலக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, கரண்ட் நிண்டால் உங்கடை ஜெனரேட்டரிலையிருந்து ஒரு வயர் இழுக்க விடுவியளோ? அவசரம்."

"என்ன, ஆரும் பெரிய ஆள் மோசம் போயிட்டாரோ?"

"இனித்தான் போவினம் அண்ணை. அநேகமா நான்தான்."

"வயரைக் கொண்டு வாரும். ஆனால் ரெண்டு ப்ரீஸர் ஓடுது, அதுக்குப் பிறகுதான் உமக்கு. ஐஸ்கிரீம் உருகினால் உம்மடை செத்த ஆக்களே வந்து குடிக்கிறது?"

வயர் தேடித் திரும்பி ஓடிவரும் வழியில் சந்நிதியானுக்கு நேர்ந்தேன். கரண்ட் நிற்காமல் இருந்தால் தேங்காய் உடைக்கிறேன். முதலில் பதினொன்று என்றேன். வாசலுக்கு வந்தபோது நூற்றியொன்றாக உயர்ந்திருந்தது. உள்ளே காலை வைத்தேன், மின்விசிறி மெல்ல அடங்கியது.

யூபிஎஸ் கத்தத் தொடங்கியது. நான் வயரின் ஒரு நுனியை அக்காவின் கையில் கொடுத்து மறு நுனியோடு கூல்பாருக்கு ஓடினேன். வயர் சரியாக ஒரு முழம் காணவில்லை. இடம் காணாத கதை எங்கள் குடும்பங்களுக்கு மட்டும் உரியது அல்ல. திரும்பி வந்து அக்காவிடம், "யூபிஎஸ் மேசையை வாசல் பக்கம் கொஞ்சம் இழுங்கோ" என்றேன். அக்கா இழுத்தார். மேசையில் இருந்த கதலிப்பழம் விழுந்தது. யூபிஎஸ் கடைசியாக ஒருமுறை நீளமாக அழுதுவிட்டு அடங்கியது. என் திரை கறுத்தது.

அந்த அமைதியில் கூல்பார் ஜெனரேட்டர் தொடங்கும் சத்தம் கேட்டது. ப்ரீஸர்கள் இரண்டும் நலமாக இருந்தன.

இனி மறைப்பதில் அர்த்தமில்லை. ரீச்சருக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டேட்டாபேஸை வேகப்படுத்தியது, பவுடர் பூசியது, அப்பப்பாவையும் பேரனையும் ஒன்றாக்கியது, இப்போது அரைகுறையாகக் கரண்டும் நின்றது. நான் செத்ததையும் சொன்னேன், கொஞ்சம் அனுதாபம் கிடைக்கும் என்று.

ரீச்சர் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு, "அப்பாவும் அப்பப்பாவும் ஒராள்தான் எண்டு உங்கடை மெசின் சொல்லுதோ?" என்றார்.

"ஓம் ரீச்சர்."

"அம்மாவும் கலியாணம் கட்டின நாளிலையிருந்து உதைத்தான் சொல்லுறவ. ஒரே குணம், ஒரே கத்தல்."

அக்கா சிரித்தார். நானும் சிரிக்கலாமா என்று பார்த்தேன். ரீச்சரின் முகத்தில் சிரிப்பு நிற்கவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்தார். மாமியின் இலக்கத்தை எடுத்துத் திரையில் வைத்துக்கொண்டார். விரல் அதன்மேல் நின்றது, அழுத்தவில்லை.

"என்னெண்டு கேக்கிறது? ஒருக்காத்தான் சொல்லுவன் எண்டவ. திரும்பச் சொல்லுங்கோ, உங்கடை பிள்ளையளைத் துலைச்சுப்போட்டம் எண்டு சொல்லுறதோ? அவ கோவிக்கமாட்டா. சரி பிள்ளை எண்டு போனை வைப்பா. அவ்வளவுதான்."

நான் நிலத்தில் கிடந்த கதலிப்பழத்தைப் பொறுக்கி மேசையில் வைத்தேன். அந்த நேரத்தில் என்னால் திருத்த முடிந்தது அது ஒன்றுதான்.

முக்கால் மணித்தியாலம் அப்படியே போனது. ரீச்சர் போனைக் கையில் வைத்திருந்தார். அக்கா ஒரு கல்வெட்டை எடுத்து விசிறிக்கொண்டிருந்தார். பதினொன்றேகாலுக்கு மின்விசிறி தானாகச் சுற்றத் தொடங்கியது. நான் எழும்பவில்லை. எதைப் பார்ப்பதற்கு எழும்புவது? அக்காதான் சேர்வரைப் போட்டுவிட்டுத் தன் கொம்பியூட்டரையும் போட்டார். சொன்னால் கேட்கிறவர் இல்லை என்று அப்போது நினைத்தேன்.

"தம்பி."

"தொடாதேங்கோ எண்டனான்."

"தொட்டிட்டன். இஞ்சை வந்து பாரும்."

போய்ப் பார்த்தேன். பெரியவர் பெரியவராக இருந்தார். அவருக்கு மேலே தகப்பன், அதற்கு மேலே அப்பப்பா, வருடம் இல்லாமல், கம்பீரமாக. பக்கத்தில் மாமி. ரீச்சர் திரையில் விரல் வைத்து மாமிக்குக் கீழே நின்றவர்களை எண்ணினார். இருபத்தேழு. இரண்டாவது முறையும் எண்ணினார். இருபத்தேழு.

நான் என் பெயரைத் தட்டச் சொன்னேன். "அமரர்" இல்லை. ஒரு மகள். தகப்பன் ஒருவர், அவர் எனக்குத் தகப்பன் மட்டும். ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். உயிரோடு இருப்பது இவ்வளவு நல்ல விசயம் என்று அதுவரை நான் கவனித்திருக்கவில்லை.

நடந்தது என்னவென்று அப்போதுதான் விளங்கியது. சில மாதங்களுக்கு முன் எங்கோ வாசித்த புத்திமதியைக் கேட்டு, என் திரையில் ஓர் ஏற்பாடு செய்திருந்தேன்: நான் செய்யும் மாற்றம் எதையும் உடனே நிலைப்படுத்தாதே, நான் "நிலைப்படுத்து" என்று சொன்ன பிறகு நிலைப்படுத்து. அதுவரை அது பென்சிலால் எழுதியது மாதிரி. எழுதியவனுக்கு மட்டும் தெரியும், மற்றவர்களுக்குப் பழையதுதான் தெரியும். செய்துவிட்டு மறந்தும்போனேன். ஆக அன்று காலை நான் செத்ததும், அப்பாவைப் பெற்றதும் எல்லாம் என் திரைக்குள் மட்டும். அக்காவுக்குத் தெரிந்ததுதான் உண்மை. அவர் சேமிக்க முடியாமல் நின்றதும், நான் முடிவு சொல்லாமல் அட்டவணையைப் பிடித்துக்கொண்டிருந்ததால். நிலைப்படுத்தாமல் இடையில் அறுந்தால், டேட்டாபேஸ் மறுபடி எழும்பும்போது பென்சில் எழுத்து முழுவதையும் அழித்துவிடும். அந்த ஜன்னலைச் சும்மா மூடியிருந்தாலே போதும். அதைவிட்டு வயர் இழுத்தேன்.

இதை இருவருக்கும் விளங்கப்படுத்தினேன். அக்கா கவனமாகக் கேட்டார்.

"அப்ப கரண்ட் நிண்டபடியாத்தான் தப்பினம்?"

"ஓம்."

"கரண்ட் நிக்கக்கூடாது எண்டு நீர் நேந்தனீர்."

"ஓம்."

"எத்தினை தேங்காய்?"

"நூற்றியொண்டு."

"அப்ப சந்நிதியான் உம்மடை சொல்லைக் கேக்கேல்லை. நல்ல காலம்."

ரீச்சர் போனைப் பைக்குள் வைத்தார். அதன் பிறகுதான் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறுத்த முடியாமல். பிரதியை எடுத்து, நசுங்காத கதலிப்பழங்களையும் எடுத்துக்கொண்டு பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குப் போனார். இரண்டரைக்கு ஒரு செய்தி வந்தது: "அடியுங்கோ."

சனிக்கிழமை மத்தியானம் உடுப்பிட்டியில் என்னையும் அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். கீரிமலையில் முழுகிவிட்டு வந்த ஆண்களின் தலை இன்னும் காயவில்லை. பந்தியில் ஒரு முதியவர் எனக்கு எதிரே வந்து இருந்தார். வெள்ளைச் சேலை, நெற்றி நிறைய விபூதி. மடியில் கல்வெட்டு, கடைசிப் பக்கத்தில் விரித்தபடி. அக்கா என் விலாவில் இடித்தார்.

"நீரோ என்ரை அண்ணரை எனக்கு அப்பப்பாவாக்கினது?" என்றார் மாமி. ரீச்சர் முழுவதையும் சொல்லியிருக்கிறார்.

"ஒரு மணித்தியாலம் போலைதான் அம்மா. பிறகு விட்டிட்டன்."

"சின்னனிலை அவர் அப்பிடித்தான் நடந்தவர்." சோற்றில் ஒரு கை பிசைந்துகொண்டு மற்றக் கையால் பக்கத்தைத் தடவினார். விரல் ஒவ்வொரு பெயராக இறங்கிக் கடைசிப் பெயரில் நின்றது. அதற்குக் கீழே இரண்டு அங்குலம் வெறுமையாக இருந்தது. வடிவமைக்கும்போது நான் வேண்டுமென்றே விட்டது.

"இடம் கண்டிருக்கு," என்றார்.

"மிச்சமும் இருக்கு அம்மா."

மாமி தலையாட்டிவிட்டு, "மோனை, இந்தத் தம்பிக்குப் பாயாசம் விடு" என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். இரண்டு முறை விட்டார்கள். இரண்டாவதைப் பார்த்ததும் ரோல்ஸ் நினைவுக்கு வந்து கொஞ்சம் பயந்தேன். ஆனாலும் குடித்தேன்.

தேங்காயைப் பற்றி அக்காவும் நானும் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறோம். கரண்ட் நின்றுவிட்டது, ஆகவே நேர்த்தி செல்லாது என்பது என் கட்சி. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஒரேயொரு தேங்காய்க்குச் சம்மதித்திருக்கிறேன்.